புதன்கிழமை சைரனும் பதினெட்டாவது குழியும்

1. நான் அடிக்காத சைரன்

"உங்கள யாரு சைரன் அடிக்கச் சொன்னா?" என்று மிஸ்டர் மோகன் வாக்கிடாக்கியில் கத்தியபோது நான் கறிபாப் தின்றுகொண்டிருந்தேன்.

அவர் கோலாலம்பூரிலிருந்து வந்த போட்டி இயக்குநர். நான் பிலோமினா, மாசாய்ப் பக்கம் இருந்த ஒரு கோல்ஃப் கிளப்பில் ஸ்டார்ட்டர். ஆட்டம் தொடங்கும் இடமான முதல் டீயில் நின்று ஆட்டக்காரர்களின் பெயரை மைக்கில் கூப்பிட்டு, நேரத்துக்கு அனுப்பிவைப்பவள். மின்னல் வந்தால் சைரன் பட்டனை அழுத்துவதும் என் வேலைதான். நீளமாக ஒன்று அடித்தால் அந்த நொடியே ஆட்டம் நிற்க வேண்டும். அதன் பிறகு பந்தைத் தட்டியவன் டிஸ்குவாலிஃபை. குட்டையாக இரண்டு அடித்தால் மறுபடி ஆடலாம். இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் முதலில் இதை மனப்பாடம் செய்யுங்கள்.

"நான் ஒன்னும் அடிக்கலையே சார்."

"அப்புறம் ஏன் எல்லாரும் உள்ள ஓடி வர்றாங்க?"

எட்டிப் பார்த்தேன். வெயில் மண்டையைப் பிளக்கிறது. அந்த வெயிலில் கொரியாக்காரர், ஜப்பான்காரர், ஆஸ்திரேலியாக்காரர் எல்லாரும் மின்னலுக்குப் பயந்து கிளப்ஹவுசுக்குள் நுழைந்துகொண்டிருந்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்று புதன்கிழமை. பாசிர் கூடாங் தொழிற்சாலை ஒன்றில் வாராவாரம் சைரனைச் சோதித்துப் பார்ப்பார்கள். அதுவும் நீளமாக ஒன்றுதான். வருடக்கணக்கில் கேட்டுக் கேட்டு, எங்கள் ஊர்க்காரர்கள் யாருக்கும் அது காதிலேயே விழுவதில்லை. பக்கத்துத் தாமான் வீடுகளில் தூங்குகிற குழந்தைகூடப் புரண்டு படுக்காது.

"சார், அது ஃபேக்டரி சைரன்."

"அத மொதல்லயே சொல்ல மாட்டீங்களா?"

"கேட்டாத்தான சார் சொல்றதுக்கு!"

மிஸ்டர் மோகன் தலையில் கை வைத்துக்கொண்டார். தெரியாமல் நிறுத்தியதால் யாருக்கும் தண்டனை இல்லை என்று அறிவித்து எல்லாரையும் திருப்பி அனுப்பினார்.

2. ஓடாத ஒரே ஆள்

அன்றைக்கு ஓடி வராத ஒரே ஆட்டக்காரன் சுரேன். மாசாய் ஃபிளாட் பையன். பாசிர் கூடாங் பெட்ரோகெமிக்கல் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. நைட் ஷிஃப்ட் முடிந்ததும் கம்பெனி சட்டையோடேயே வந்து எங்கள் பயிற்சி ரேஞ்சில் பந்து அடிப்பான். நாடு நாடாகப் போய் ஆடும் தொழில்முறை டூருக்குத் தேர்வாகும் இந்தப் போட்டியில் இது அவனுக்கு மூன்றாவது முயற்சி. "இந்த வருஷந்தான் கடைசி. அடுத்த வருஷம் கோல்ஃபுன்னு லீவு கேட்டு வந்துராத" என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டாராம். ஜெயித்தால் டூர். தோற்றால் வியாழக்கிழமை நைட் ஷிஃப்ட்.

கூட ஆடிய கொரியாக்காரரும் ஆஸ்திரேலியாக்காரரும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது, இவன் மரத்தடியில் உட்கார்ந்து நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்திருக்கிறான். அவர்கள் திரும்பி வந்ததும், "ஃபேக்டரி லா! ஐ டோல்ட் யூ!" என்று சிரித்திருக்கிறான். அதிலிருந்து பையனுக்குத் தலைகால் புரியவில்லை. அந்த இருவரும் அவனை வானிலை நிலையம் போலவே நம்ப ஆரம்பித்துவிட்டார்கள்.

3. நான் அடித்த சைரன்

ஜோகூர் மழை மத்தியானத்துக்கு மேல்தான் வரும். அன்றும் வந்தது. கடைசிக் குழுவில் இருந்த சுரேன், கடைசிக் குழியான பதினெட்டாவது கிரீனில் நின்றான். ஆறடி தூரத்தில் குழி. ஸ்கோர் போர்டு என் கண்ணெதிரே இருந்தது. அந்த ஒரு தட்டில் பந்து விழுந்தால் டூரில் இடம். விழாவிட்டால் இல்லை.

கடல் பக்கம் வானம் கறுத்து மின்னியது. "பிலோமினா, சைரன்!" என்றார் மிஸ்டர் மோகன். நீளமாக அடித்தேன்.

கொரியாக்காரர் திடுக்கிட்டு நின்றார். சுரேன் அவரைப் பார்த்துக் கையமர்த்தினான். "நோ புரோப்ளம்! ஃபேக்டரி, ஃபேக்டரி!" புட்டர் மட்டையை எடுத்துக்கொண்டு பந்துக்கு மேல் குனிந்துவிட்டான்.

 நான் நிற்கும் ஸ்டார்ட்டர் கூண்டுக்கும் அந்த கிரீனுக்கும் நடுவில் ஒரு குளம். முட்டிவலியை மறந்து கரை வரைக்கும் ஓடினேன்.

"சுரேன்! அடிக்காத! இது நம்ம சைரன்!"

"தெரியும்க்கா! ஃபேக்டரிதான்!"

"அலமாக்! டிஸ்குவாலிஃபை ஆயிருவடா!"

காற்றில் அவனுக்கு என்ன கேட்டதோ, நன்றி சொல்வதுபோல் கட்டைவிரலைக் காட்டிவிட்டு மறுபடி குனிந்தான். புட்டர் பின்னால் நகரத் தொடங்கியது. அடுத்து என் வாயிலிருந்து வந்தது யோசித்துச் சொன்னதல்ல. என் வீட்டுக்காரர் அதே பாசிர் கூடாங்கில் வேலை செய்தவர். அவரை எழுப்ப ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் நான் கத்திய அதே கத்தல்தான்.

"பஸ் வந்துருச்சு!"

புட்டர் கீழே விழுந்தது. கம்பெனி பஸ் யாருக்காகவும் நிற்காது, விட்டால் அந்த மாத அட்டெண்டென்ஸ் அலவன்ஸ் போச்சு. இது மூளைக்குத் தெரிவதற்கு முன்பே அவன் காலுக்குத் தெரிந்துவிட்டது. கோல்ஃப் பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு பறந்தான். என்னவோ பெரிய ஆபத்து என்று மற்ற இருவரும் அவன் பின்னால் பறந்தார்கள். மூன்று பேரும் கிளப்ஹவுசைத் தாண்டி, கார் பார்க்கைத் தாண்டி, கேட்டில் போய்த்தான் நின்றார்கள்.

நான் மூச்சு வாங்க அங்கே போய்ச் சேர்ந்தபோது சுரேன் சாலையை இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, பஸ் எங்க?"

"நீ மோட்டர் சைக்கிள்ல தானடா வந்த!"

அதற்குள் மழை கொட்ட ஆரம்பித்துவிட்டது.

4. ஆறடி

மழை விட்டதும் குட்டையாக இரண்டு அடித்தேன். சுரேன் பந்துக்கு முன்னால் போய் நின்றான். குனிந்தான். நிமிர்ந்தான். குளத்துக்கு இந்தப் பக்கம் நின்ற என்னைப் பார்த்தான்.

"அக்கா, இப்ப ஏதாச்சும் அடிக்குதா?"

"ஒன்னும் அடிக்கல! நீ அடி!"

அடித்தான். பந்து விளிம்பில் ஒரு கணம் யோசித்துவிட்டு உள்ளே விழுந்தது. நான் அழுதுவிட்டேன். மிஸ்டர் மோகனும் மூக்கைச் சிந்தினார், கேட்டால் மழை என்றார்.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். புதிதாக வரும் ஸ்டார்ட்டர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். விதிப்புத்தகத்தை நன்றாகப் படியுங்கள். ஆனால் ஆளை நிறுத்த வேண்டிய நேரத்தில் விதியைச் சொல்லிக் கத்தாதீர்கள். அவன் எதைக் கேட்டால் ஓடுவான் என்று முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் ஒரு வெளிநாட்டுப் போட்டியை டிவியில் பார்த்தேன். மின்னலுக்காக சைரன் அடித்தார்கள். மற்றவர்கள் நிதானமாக நடந்து போனார்கள். சுரேன் மட்டும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினான். பாதுகாப்பில் இவருக்குத்தான் எவ்வளவு அக்கறை என்று வர்ணனையாளர் பாராட்டினார். பையன் கேட்டுக்கு வெளியே போய் நின்று சாலையை இரண்டு பக்கமும் பார்த்ததை அவர் கவனிக்கவில்லை.