வியாழன் அருகே வந்த நாலாவது புள்ளி

போன வருடம் மாசி மாதம், ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் அறிவியல் ஆசிரியையாக இருக்கும் பள்ளியின் மைதானத்தில் வானம் பார்க்கும் நிகழ்ச்சி வைத்திருந்தோம். ராஜபாளையத்தில் இரவல் வாங்கிய தொலைநோக்கியைப் பஸ்ஸில் மடியில் வைத்தே கொண்டுவந்திருந்தேன்.

இருட்டியதும் பிள்ளைகளும் பெற்றோரும் வரிசையில் நின்றார்கள். வியாழனையும் அதன் பெரிய நிலவுகள் நான்கையும் காட்டுவதாகச் சொல்லியிருந்தேன். பார்த்தால் மூன்றுதான் தெரிந்தது. "லென்ஸ் சுமார்தான், நாலாவது தெரியாது" என்று கூசாமல் மைக்கில் சொல்லிவிட்டேன்.

வரிசை நகர நகர, அயோ என்ற நிலவின் பெயர்க்கதையைச் சொன்னேன். கிரேக்கப் புராணத்தில் அயோ ஒரு பெண். அவள்மேல் ஆசைப்பட்ட தேவர்களின் அரசன், மனைவிக்குப் பயந்து அவளைப் பசுவாக மாற்றிவிட்டான். அந்த மனைவி ஏவிய, உடம்பெல்லாம் கண்ணுள்ள காவல்காரன் அந்தப் பசுவைக் காக்கும் பழைய ஓவியத்தின் பிரிண்டையும் காட்டினேன்.

"அந்தப் பிள்ள என்ன தப்புப் பண்ணுச்சு டீச்சர்? அதப் போயி மாடாக்கிட்டானா?" என்றார் ஒரு மாணவியின் அம்மா. பால்கோவா போடும் இடத்தில் வேலை பார்ப்பவர். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

ஒருமுறை பார்த்துவிட்டு அவர் மறுபடி வரிசையின் கடைசியில் போய் நின்றார். மூன்றாம் முறை வந்தபோது, "டீச்சர், இப்ப நாலு இருக்கு" என்றார்.

"தூசியா இருக்கும்மா. அடுத்தவங்களுக்கு வழி விடுங்க."

அவர் முகம் வாடிவிட்டது. ஆனாலும் மெதுவாகச் சொன்னார்: "வியாழன் நகரும்போது அதுவும் கூடவே நகருது டீச்சர். தூசின்னா நின்ன எடத்துலயே நிக்கும்லா?"

எனக்குச் சுருக்கென்றது. குனிந்து பார்த்தேன். நான்கு! செல்போனில் வானியல் செயலியைத் திறந்தேன். வியாழனின் நிழலுக்குள் மறைந்திருந்த அயோ, சற்று முன்புதான் வெளியே வந்திருக்கிறது. பதினைந்து வருடம் பாடம் நடத்திய எனக்கு அது மறைந்திருக்கலாம் என்று தோன்றவே இல்லை. பழியை லென்ஸின் மேல் போட்டுவிட்டேன்.

அதற்குள் அவர் மகளைக் கூட்டிக்கொண்டு கேட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தார். பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஒரு நிமிடம் அப்படியும் நினைத்தேன். பிறகு மைக்கை எடுத்து, "நான் சொன்னது தப்பு. லென்ஸ்ல குறையே இல்ல. நாலாவது நிலவு அயோ, வியாழனோட நிழல்ல மறைஞ்சிருந்துச்சு. அது வெளிய வந்தத இந்த அம்மாதான் பார்த்தாங்க" என்று அவரைக் கூப்பிட்டேன்.

கூச்சத்தோடு வந்தவரிடம் மைக்கைக் கொடுத்தேன். "அடுப்புல பால் கெடந்தா கண்ணெடுக்காமப் பாப்போம்லா, அப்படித்தான் பாத்தேன். வேற ஒண்ணும் இல்ல" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "அந்தப் பிள்ள வெளிய வந்துட்டு, அது போதும்" என்றார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. கேட்டுவரை போனவர்கள்கூடத் திரும்பி வந்து வரிசையில் நின்றார்கள்.

இன்றைக்கும் வகுப்பில் யாராவது எழுந்து, நான் சொன்னதற்கு மாறாக ஒன்றைப் பார்த்ததாகச் சொன்னால், மறுப்பதற்கு முன் நானும் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டுத்தான் வாய் திறக்கிறேன்.