புலிப் போர்வை போர்த்திய கார்

குவைத்தில் ஏது குளிர் என்று கேட்பவர்கள் ஜனவரி மாத விடியற்காலையில் ஃபர்வானியாவில் ஒரு பழைய காரை ஸ்டார்ட் செய்து பார்த்திருக்க மாட்டார்கள். கோடையில் தொட்டால் கை பொத்துப்போகிற அதே கார், அந்த மாதத்தில் சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு மறுபடி தூங்கப் போய்விடும்.

எனக்கு அப்போது ஏழு வயது. அம்மா ஒரு மருத்துவமனையில் நர்ஸ். அப்பா ஏசி டெக்னீஷியன். ஊருக்கெல்லாம் குளிர் ஏற்பாடு செய்து கொடுப்பவர் அந்த வருடம் குளிரோடு மல்லுக்கு நின்றார். அதற்குக் காரணம் இருந்தது. அம்மாவின் மருத்துவமனையில் நர்ஸுகள் ஹாஸ்டலில்தான் தங்க வேண்டும். அம்மா கெஞ்சிக் கூத்தாடி எங்களோடு தங்க அனுமதி வாங்கியிருந்தாள். கார் கிளம்பாமல் இரண்டு தடவை காலை டூட்டிக்குப் பிந்திப் போனதும், இன்னொரு தரம் பிந்தினால் ஹாஸ்டலுக்கே வந்துவிட வேண்டும் என்று இன்சார்ஜ் சொல்லிவிட்டார். விடுமுறை நாளான வெள்ளிக்கிழமை மட்டும் வருகிற அம்மா எப்படியிருப்பாள் என்பது எனக்கு ஏற்கெனவே தெரியும். முந்தைய வருடம் முழுக்க அப்படித்தான் வந்து போனாள், எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

புது பேட்டரி அடுத்த சம்பளத்தில் என்று முடிவாகியிருந்தது. அதுவரை பழையதை உயிரோடு வைத்திருக்க வேண்டும். அப்பா கனடாவில் இருக்கிற சித்தப்பாவை வீடியோ காலில் பிடித்தார். சித்தப்பா பனியில் கார் ஓட்டுகிறவர். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும் பழக்கம் இல்லாதவர். பானெட்டைக் கம்பளியால் மூடு, வைப்பரைத் தூக்கி நிறுத்து, பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டு போ, டிக்கியில் ஒரு மூட்டை மணல் போட்டு வை, டயர் வழுக்காது என்று வரிசையாகச் சொன்னார். அப்பாவுக்குப் பிடித்தால் உடும்புப் பிடி. ஒன்றையும் விடவில்லை. பாலைவனத்தில் மணலை மூட்டை கட்டிச் சுமந்தவர் அவர் ஒருவராகத்தான் இருப்பார். கொல்லன் தெருவில் ஊசி விற்கிறார் உன் அப்பா என்று அம்மா என்னிடம் சொல்லிச் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பானெட்டுக்குப் போன கம்பளி என்னுடையது. வளைகுடாவில் எல்லார் வீட்டிலும் இருக்கிற, பெரிய புலி படம் போட்ட கம்பளி. சாயங்காலமானால் புலி தெருவில் காரின் மேல் படுத்துக்கொள்ளும். நான் இரண்டு பெட்ஷீட்டுக்குள் சுருண்டு கிடப்பேன். அதோடு பேட்டரி வேறு எங்களோடு ஹாலில் தங்க வந்தது. அம்மாவின் பழைய ஷாலைச் சுற்றிக்கொண்டு, ஒரு விருந்தாளியைப் போலக் கதவோரம் உட்கார்ந்திருக்கும். கட்டடக் காவலாளி எகிப்துக்காரர். அவர் ஒருநாள் காரைக் காட்டி, இதற்கு என்ன காய்ச்சலா என்று அப்பாவிடம் விசாரித்தார். அப்பா கொஞ்சமும் கூச்சப்படாமல் ஆமாம் என்றார்.

அந்த மாதத்திலேயே மிக மோசமான காலை ஒன்று வந்தது. எதிர்க் கட்டடம் தெரியாத மூடுபனி. அப்பா பேட்டரியைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி இறங்கினார். அம்மா யூனிஃபார்முக்கு மேல் கோட்டு மாட்டிக்கொண்டு பின்னால் போனாள். வெந்நீர் ஃபிளாஸ்க் தூக்குகிற வேலை எனக்கு. பேட்டரியை மாட்டியதும் அம்மா சாவியைத் திருப்பினாள். டிக். மறுபடியும் டிக். இன்னொரு காரிலிருந்து கரண்ட் எடுக்கிற ஜம்ப் கேபிள் வைத்திருந்த பக்கத்து ஃபிளாட்காரர் லீவில் ஊருக்குப் போயிருந்தார். தள்ளிப் பார்க்கலாமா என்று கேட்டேன். இது ஆட்டோமேட்டிக் வண்டி, தள்ளினாலும் கிளம்பாது என்றாள் அம்மா. மெயின் ரோட்டுக்கு ஓடிப்போய் டாக்ஸி பார்க்கிறேன் என்று அவள் கதவைத் திறந்தாள். அந்தப் பனியில் டாக்ஸி கிடைக்காது என்பது அவளுக்கே தெரியும்.

“நீ வண்டிய விட்டு எறங்காத,” என்றார் அப்பா. “நான் சொல்லும்போ திருப்பினா போதும்.”

பேட்டரியில் மாட்டுகிற கம்பி முனையில் உப்புப் போல வெள்ளையாகப் பூத்திருந்தது. ஃபிளாஸ்க் வெந்நீரை அதன்மேல் ஊற்றிக் கழுவினார். உப்புத்தாளால் தேய்த்தார். ஸ்பேனர் நழுவி விரல் முட்டியில் தோல் உரிந்தது. பனியனில் துடைத்துவிட்டு மறுபடி முறுக்கினார். கைகள் இரண்டும் நடுங்கின. அவர் கை நடுங்கி நான் பார்த்தது அன்றுதான். திருப்பு என்றார். கார் இருமியது, முனகியது, பிறகு ஏதோ மனம் இரங்கினாற்போல உறுமத் தொடங்கியது. அம்மா அப்பாவை ஒருமுறை பார்த்தாள். கியரைப் போட்டுக் கிளம்பினாள். பின்விளக்கு பனியில் மறைந்த பிறகும் அப்பா காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

என் வகுப்பில் எல்லார் வீட்டிலும் அப்பாதான் கார் ஓட்டுவார். எங்கள் வீட்டில் அப்பா துடைப்பார், மூடுவார், மாட்டுவார், ஓட்டுகிறவள் அம்மா. ஊரில் அவர் குளச்சலிலிருந்து கேரளத்துக்கு மீன் லாரி ஓட்டியவர் என்பது எனக்கு அப்போது தெரியாது. செய்வது டெக்னீஷியன் வேலையானாலும் அவருடைய விசாவில் ஹெல்பர் என்று போட்டிருந்ததால் இங்கே லைசென்ஸ் தரமாட்டார்கள் என்பதும், நர்ஸுக்குத் தருவார்கள் என்பதும், லைசென்ஸ் இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் ஊருக்கே விமானம் ஏற்றிவிடுவார்கள் என்பதும் தெரியாது. அந்த நடுங்கிய கைகளைப் பார்த்து நானாக ஒரு முடிவுக்கு வந்தேன்.

“அப்பா, கார் ஓட்ட உங்களுக்குப் பயமா?”

அவர் கையில் ஊதிச் சூடாக்கிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

“பயந்தான் மக்ளே,” என்றார்.

அம்மா சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள். சாயங்காலம் வந்ததும் அதைத்தான் முதலில் சொன்னாள். அப்பா அப்படியா என்று மட்டும் கேட்டுவிட்டு, புலியைத் தூக்கிக்கொண்டு கீழே போனார். திரும்பி வந்ததும் மூன்று பேரும் முழங்காலிட்டு செபமாலை சொன்னோம். அது முடிந்தால் ஆளுக்கொரு வேண்டுதல் சொல்வது எங்கள் வீட்டு வழக்கம். என் முறை வந்தது. காலையிலிருந்தே யோசித்து வைத்திருந்தேன். ஏசப்பா, எங்கள் அப்பாவுக்குக் கார் ஓட்டுகிற பயம் போக வேண்டும், அம்மாவைப் போல அவரும் தைரியசாலி ஆக வேண்டும் என்று கணீரென்று கேட்டேன்.

அப்பா உடனே ஆமென் என்றார். அம்மாவிடமிருந்து சத்தம் வரவில்லை. இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு அப்படியே இருந்தாள். டூட்டி களைப்பில் தூங்கிவிட்டாள் என்று நினைத்து, அவளுக்கும் சேர்த்து நானே இன்னொரு ஆமென் சொன்னேன்.