கங்குக்கு நடுவில் வெந்த கிழங்கு

குற்றாலத்தில் சாரல் விழும் மாதங்களில் தென்காசியில் எங்கள் வீட்டு அடுப்பு ஆறுவதில்லை. வக்கீலான என் கணவரின் நண்பர்கள் அருவியில் குளித்துவிட்டு, ஈரத்தலையும் எரியும் வயிறுமாக வந்து இறங்குவார்கள்.

அப்படியொரு சாரலில், ஆங்கிலப் பத்திரிகையொன்றில் படித்த உருளைக்கிழங்குப் பண்டத்தைச் செய்து பார்க்க ஆசைப்பட்டேன். வேகவைத்த கிழங்கை வட்டவட்டமாக நறுக்கி, வதக்கிய வெங்காயம், வெண்ணெய், மிளகுப்பொடி, குறுகக் காய்ச்சிய பால் என்று உருளியில் அடுக்கினேன். பத்திரிகை கேட்ட பாலாடைக்கட்டிக்கு நான் எங்கே போவது? சேர்த்து வைத்திருந்த பாலாடையை மேலே பரப்பினேன். தணலின்மேல் உருளியை ஏற்றி, இரும்பு மூடியின் மீதும் கங்கு அள்ளிப் போட்டேன். திறந்தபோது மேற்புறம் பொன்னிறமாக முறுகியிருந்தது. கரண்டி நுனியில் கொஞ்சம் எடுத்தேன்.

"ஏட்டி, வாயில வைக்காத," என்றார் அத்தை. என் கணவரைப் பெற்றவர்.

"உப்பு பாக்கணும் அத்தை. புதுசா செய்யுதேன்."

"அளந்துதான போட்ட? ஆம்பளைங்க உக்காரதுக்கு முன்னால எச்சிப்படுத்தலாமா?"

சாமிக்குப் படைக்குமுன் ருசி பார்க்கலாகாது என்பதை நான் மதித்தே வந்திருக்கிறேன். ஆனால் வெங்காயம் விழுந்த அந்தப் பண்டம் சாமிக்கு ஆகாது. பிறகு யாருக்காக அந்தக் கட்டுப்பாடு? கரண்டியைக் கீழே வைத்தேன்.

சட்டையில்லாமல் இலைமுன் அமர்ந்தவர்களில் மூத்தவர், "ஏலே, துரை வீட்டுச் சாப்பாடுல்லா இது. இனிமே கோட்டு போட்டுத்தான் உக்காரணும்," என்றார். பிறகு என்னைப் பார்த்து, "உப்புதான் ஒரு கல்லு கூடிட்டு, தாயி."

"அவ புஸ்தகத்தப் பாத்துல்லா செய்யுதா. நாக்கு எங்கன இருக்கு," என்றார் என் கணவர். எல்லாரும் சிரித்தார்கள்.

உருளியில் கடைசி ஓரம் மிஞ்சியிருந்தபோது கணவர் அருகே குனிந்து, "எனக்கு ஒரு துண்டு இருக்கட்டும்," என்றேன்.

"வந்தவங்களுக்கு இல்லாமயா? நாளைக்கும் செய்யத்தான போற. அண்ணாச்சிக்கு வை."

உப்புக் கூடிற்று என்ற அண்ணாச்சி அந்த ஓரத்தையும் வழித்து உண்டார். நான் ரசமும் சோறும் சாப்பிட்டேன். அன்றைய கோபத்துக்கு இன்றும் சூடு குறையவில்லை. பசியைப் பொறுத்துக்கொள்ள எனக்குத் தெரியும். நான் செய்ததன் ருசியை அவர்கள் சொல்லித்தான் நான் அறிந்துகொள்ள வேண்டும் என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

மறுநாளும் அதையே கேட்டுவிட்டு அருவிக்குப் போனார்கள். அதே கிழங்கு, அதே கரண்டியில் அளந்த அதே உப்பு. மூடியைத் திறந்ததும் ஒரு வாழையிலையில் எனக்குப் பரிமாறிக்கொண்டு அடுப்படியிலேயே அமர்ந்தேன். அத்தை வாசற்படியில் நின்று பார்த்தார்.

"உங்களுக்கும் வைக்கட்டுமா, அத்தை?"

அவர் கூடத்துக்குப் போய்விட்டார்.

பால் ஊறிய கிழங்கு நாக்கில் கரைந்தது. முறுகிய ஆடையில் லேசான புகைவாசம். நிதானமாக, வயிறு நிறைய உண்டேன்.

ஈரத்துண்டோடு உள்ளே வந்த என் கணவர், பாதி காலியான உருளியைப் பார்த்தார்.

"யாரு சாப்பிட்டது?"

"நான்தான். உப்பு சரியா இருக்கு," என்றேன்.