பிளக்கின் நிறமும் மனைவியின் தலைவலியும்

போன வருடம் கார்த்திகை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணி இருக்கும். ஏரலைத் தாண்டி ஆத்தூர் போகும் வழியில், வெற்றிலைக் கொடிக்கால் ஒன்றின் ஓரமாக என் ஜீப்பை நிறுத்தினேன். எஞ்சின் ஓட்டம் எனக்குத் திருப்தியாக இல்லை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நிறம் பார்க்க வேண்டும் என்றுதான் நிறுத்தினேன். பின் சீட்டில் இருந்த மனைவிக்கு என்ன ஆயிற்று என்று பார்ப்பதற்காக நிறுத்தவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

நான் பாளையங்கோட்டைக்காரன். நில அளவை வேலை. பதினெட்டு வருடமாக டைரி எழுதுகிறேன். மழை பெய்தது, கேஸ் சிலிண்டர் மாற்றியது, கடைக்காரர் தராசு சரியில்லை என்று தோன்றியது, எல்லாம் அதில் இருக்கும். மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு பழைய பெட்ரோல் ஜீப்பை வாங்கினேன். நாங்கள் நாலைந்து பேர் விடுமுறை நாளில் தேரிக்காட்டுச் செம்மணலில் வண்டி ஏற்றுவோம். அதற்காகப் பெரிய டயர் போட்டேன், உயரத்தைக் கூட்டினேன், போன வருடம் ஆடியில் வேறொரு வண்டியின் பெரிய கார்புரேட்டரைப் பொருத்தினேன். புகைக்குழாய் மேட்டில் இடிக்கிறது என்று அதன் வாலை வெட்டி, பின் சக்கரத்துக்கு முன்னாலேயே முடிகிற மாதிரி செய்தேன்.

கார்புரேட்டரை மாற்றினால் பெட்ரோலும் காற்றும் கலக்கிற அளவைப் புதிதாக அமைக்க வேண்டும். பெட்ரோல் குறைந்தால் எஞ்சின் கொதித்துப் பிஸ்டன் ஓட்டையாகிவிடும். கூடினால் கரி பிடிக்கும். சரியாக இருக்கிறதா என்பதை ஸ்பார்க் பிளக்கின் முனை காட்டிக்கொடுக்கும். வெள்ளையாக இருந்தால் பெட்ரோல் போதாது, கறுப்பாக இருந்தால் அதிகம், பால் குறைந்த டீயின் நிறத்தில் இருந்தால் சரி. முதல்முறை தேரியில் ஏறி இறங்கியபோது பிளக் வெள்ளை வெளேரென்று இருந்தது. பயந்துவிட்டேன். பெட்ரோல் வருகிற துளையை, ஜெட் என்பார்கள், பெரிதாகப் போட்டேன். கலவையில் பெட்ரோலைக் கூட்டுகிற திருகை வாராவாரம் கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று வெளியே திறந்தேன். ஒவ்வொரு முறையும் தேதி, சுற்று, வெயில், பிளக்கின் நிறம், நாலையும் டைரியில் குறித்தேன். கடைசியில் நிறம் டீயைத் தாண்டிக் கறுப்புப் பக்கம் போயிருந்தது. ‘கொஞ்சம் கூடுதல் பாதுகாப்புதான்’ என்று எழுதி வைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு வேலை பார்க்கும் டீச்சர் ஒருவர் புன்னக்காயலில் புதுவீடு கட்டிக் குடிபோகிறார் என்று புறப்பட்டோம். வழியில் தண்ணீர் தேங்கியிருக்கும், ஜீப்பிலேயே போவோம் என்றது நான்தான். மனைவியின் அண்ணனும் வந்தார். அவருக்கு முட்டுவலி. காலை நீட்ட வேண்டும் என்று முன்னால் உட்கார்ந்தார். மனைவி பின்னால்.

தூறல் விழுந்ததால் பக்கத்துத் திரைகளை இறக்கிக் கட்டியிருந்தோம். ஸ்ரீவைகுண்டம் வருவதற்குள் மனைவி, “பெட்ரோல் வாடை தாங்கல, தலை வலிக்கி” என்றாள். நான் இறங்கிப் போய்ப் பின்பக்கத் திரையை மட்டும் சுருட்டி மேலே கட்டினேன். காற்று வரட்டும் என்று.

“மாப்ள, இதையும் டைரில ஏத்திருவீராக்கும்? மணி ஒம்பது அம்பது, பின் திரை சுருட்டப்பட்டது” என்றார் மச்சான். நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு பின்னாலிருந்து பேச்சு இல்லை. திரும்பிப் பார்த்தபோது பையில் தலையைச் சாய்த்திருந்தாள். “உறங்குதா. வெள்ளன எந்திரிச்சவல்லா” என்றார் மச்சான். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஏரல் தாண்டியதும் எஞ்சின் விட்டுவிட்டு ஓடியது. நிறுத்தி, குடையை மச்சானிடம் கொடுத்துப் பானெட்டைத் திறந்தேன். பிளக்கைக் கழற்றினேன். முனையில் மை மாதிரிக் கரி. அதை மச்சானிடம் காட்டி விளக்கிக்கொண்டிருந்தேன்.

எதிரே ஐஸ் ஏற்றிக்கொண்டு வந்த ஒரு லோடு ஆட்டோ நின்றது. ஓட்டி வந்தவருக்கு நாற்பது வயது இருக்கும், புன்னக்காயல்காரர், முன்பு படகில் எஞ்சின் பார்த்தவர். இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. உதவி வேண்டுமா என்று கேட்கத்தான் வந்தார். வந்தவர் ஜீப்பின் பின்பக்கம் போய் நின்றுவிட்டார்.

“அண்ணாச்சி, இந்த அக்கா எவ்வளவு நேரமா இப்படிக் கெடக்காவ?”

“உறங்குதா” என்றேன், பிளக்கைத் துடைத்துக்கொண்டே.

“உறக்கமா? வாயில நுரை தள்ளியிருக்கு வே! பிளக்கக் கீழ போடும். இங்கன வாரும்!”

ஓடிப் போனேன். முகம் வெளுத்து, புடவையில் வாந்தி. தட்டினால் கண்ணைத் திறக்கிறாள், உடனே மூடுகிறாள். மூவருமாகத் தூக்கி வெளியே கிடத்தினோம். மழை முகத்தில் விழுந்தது. அவர் குனிந்து, வெட்டிய புகைக்குழாயைப் பார்த்தார். விரலை விட்டு எடுத்தார். விரல் கறுத்துவிட்டது.

“குழாய இங்கன முடிச்சு வச்சிருக்கீரு, பின் திரையத் தொறந்து வச்சிருக்கீரு. ஓடுற வண்டி பின்னாலேந்துதான் காத்த உள்ள இழுக்கும். புகை பூராவும் அவிய மூக்குக்குத்தான் போயிருக்கு. படகு எஞ்சின் ரூம்ல ரெண்டு பேர இப்படித் தூக்கியிருக்கேன். ஒருத்தன் பிழைக்கல.”

அதன்பின் அவர் யாரையும் கேட்கவில்லை. ஐஸ் பெட்டிகளைச் சாலையோரம் இறக்கிவிட்டு, மனைவியைத் தன் ஆட்டோவில் கிடத்தச் சொன்னார். நான் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டேன், மச்சான் முன்னால் ஏறினார். அரசு ஆஸ்பத்திரிக்குப் பதினைந்து நிமிடம். வாழ்க்கையில் நான் நேரம் பார்க்காமல் போன பயணம் அது ஒன்றுதான். பதினைந்து நிமிடம் என்பதுகூட மச்சான் சொன்னது.

ஆக்சிஜன் வைத்தார்கள். டாக்டர், “எஞ்சின் புகை விஷம். இன்னும் அரை மணி நேரம் ஓட்டியிருந்தா என்கிட்ட கொண்டுவந்து பிரயோசனம் இல்ல” என்றார். மதியத்துக்கு மேல்தான் அவள் தெளிவாகப் பேசினாள். நான் என்னவெல்லாமோ சொல்லிக்கொண்டிருந்தேன். பெட்ரோல் கூடினால் இந்தப் புகையில் விஷமும் கூடும், வாடையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது என்றெல்லாம். அவள் மாஸ்க்கை ஒதுக்கிவிட்டு, “வாராவாரம் பிளக் நெறம் பாத்தியளே, என் மூஞ்சி நெறத்த ஒரு நாளாவது பாத்தியளா?” என்றாள். மச்சான் சிரிக்கப் பார்த்தார். அவருக்கும் முடியவில்லை. எழுந்து வராண்டாவுக்குப் போய்விட்டார்.

மறுநாள் வீட்டுக்கு வந்ததும் டைரியைப் புரட்டினேன். ஆகஸ்டிலிருந்து ஏழு இடத்தில் ‘அவளுக்குத் தலைவலி, மாத்திரை’ என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. ஏழும் ஜீப்பில் அவளை எங்காவது கூட்டிப்போன நாள்கள். அதே பக்கத்தில், இரண்டு வரி மேலே, திருகு எத்தனை சுற்று என்று இருக்கிறது. இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை. எஞ்சினுக்கு எது நடந்தாலும் அதற்குக் காரணம் தேடினேன். அவளுக்கு வந்தது வெறும் தலைவலி என்று விட்டுவிட்டேன்.

புகைக்குழாயைப் பின் பம்பர் தாண்டி நீட்டினேன். ஜெட்டைச் சிறிதாக்கி, புகைப் பரிசோதனை செய்கிற இடத்தில் மெஷின் வைத்துப் பார்த்துத் திருகை உள்ளே ஏற்றினேன். பின் திரை இப்போது தைத்து மூடியாயிற்று. இரண்டு மாதம் கழித்து, மனைவி ஜீப்பில் ஏறினாள். முதலில் என்னைப் பின்னால் உட்கார வைத்து முட்டுவலிக்கார மச்சானை ஓட்டச் சொல்லி, பாளையங்கோட்டையிலிருந்து நாங்குநேரி வரை போய் வரச் செய்த பிறகுதான்.

தை மாதம் புன்னக்காயலுக்குப் போய் அந்த ஆட்டோக்காரரைத் தேடிக் கண்டுபிடித்தோம். ஐஸ் வீணாய்ப் போயிருக்குமே என்று நான் ஆரம்பித்தேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. என்னைத் தாண்டி மனைவியைப் பார்த்து, “இப்பம் தலைவலி வருதா அக்கா?” என்று கேட்டார். வண்டியில் என்ன மாற்றினேன் என்று சொல்ல வாயெடுத்தவன், அவள் பதில் சொல்லி முடிக்கும்வரை பேசாமல் நின்றேன். ஆகஸ்டிலேயே நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை, முன்பின் தெரியாத ஒருவர் கேட்டு அவள் நின்று நிதானமாகப் பதில் சொன்னாளே, அது இன்றைக்கும் எனக்கு வெட்கமாகவும் ஆறுதலாகவும் இருக்கிறது.