வெயில் கிறீமும் மூன்று நிமிடக் குரலும்

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்? நான் அதற்கு நடமாடும் சாட்சி.

அந்த ஆகஸ்டில் என் மகள் ஒரு முழுக் கிழமை, ஏழு நாளும், என்னோடு வந்து நிற்பதாக முடிவானது. அவளுக்குப் பதினான்கு வயது. நானும் அவளுடைய தாயும் பிரிந்து நான்கு வருடம். மகள் தாயோடு டூட்டிங்கில். நான் நகரத்தின் மற்ற அந்தத்தில், ரெய்னர்ஸ் லேனில், ஒற்றைப் படுக்கையறை வீட்டில். அதுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் சில மணித்தியாலங்கள்தான் எனக்குக் கிடைத்தன. "இந்த ஒரு கிழமை பிள்ளையை ஒழுங்காப் பாத்தீங்களெண்டால், அடுத்த வருசம் ரெண்டு கிழமை விடுறன்," என்று தாய் சொல்லியிருந்தாள். இரண்டு கிழமை! நான் பஸ் ஓட்டுகிறவன். டிப்போவில் இந்த லீவைக் கேட்ட கையோடு அடுத்த வருட லீவுக்கும் நாள் பார்க்கத் தொடங்கிவிட்டேன்.

வீட்டைக் கழுவித் துடைத்தேன். அவளுக்கு என் அறை, எனக்கு சோபா. நான்கு வருடமாக ஒரு கோப்பை, ஒரு தட்டு என்றே கழுவி வந்தவன். இரண்டாவது கோப்பையை அலுமாரியிலிருந்து எடுத்தபோது உள்ளே தூசி படிந்திருந்தது. பார்க்க யாரும் இல்லாவிட்டாலும் வெட்கமாக இருந்தது.

அவள் வருவதற்கு முதல்நாள் தாயிடமிருந்து ஒரு குரல்செய்தி வந்தது. நீளம் மூன்று நிமிடம். இரண்டு வரி எழுதினால் கை தேய்ந்து போகுமா என்று புறுபுறுத்துக்கொண்டே அழுத்தினேன்.

"கவனமாக் கேளுங்கோ. பிள்ளையைக் கிறீம் பூசாமல் வெயிலுக்கை விடவேண்டாம். ஐம்பது எண்டு போட்ட சன்கிறீம் பாத்து வாங்குங்கோ..."

அந்த அரை நிமிடத்தோடு நிறுத்திவிட்டேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

காரணம் இருக்கிறது. மகள் பிறந்தபோது தாயின் பக்கத்து ஆட்கள் தொட்டிலை எட்டிப் பார்த்து, "ஐயோ, தகப்பன்ரை நிறமெல்லே வந்திட்டுது," என்றார்கள். பிறகு கடலை மா, பாலாடை, யாரோ கொழும்பிலிருந்து கொண்டுவந்த ஏதோ களிம்பு. கலியாண வீடுகளில், "வெயிலுக்கை விடாதேங்கோ, இன்னும் கறுத்துப்போவாள்," என்று சொல்ல ஒரு மாமியாவது இருப்பாள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. என் குஞ்சை எவரும் வெளுக்கத் தேவையில்லை. இந்த சன்கிறீமும் அதே பல்லவிதான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

ஆனாலும் கடைக்குப் போனேன். வாங்காவிட்டால் அதுவே ஒரு குற்றப்பத்திரிகை ஆகும். மருந்துக் கடையில் ஒரு தட்டு முழுக்க அதுதான்: விசிறி அடிப்பது, பிதுக்கிப் பூசுவது, மணம் உள்ளது, மணம் இல்லாதது, குழந்தைகளுக்கு மீன் படம் போட்டது. என் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி நின்றார்கள். மாதிரிப் போத்தலைத் திறந்து அவள் அவனுடைய புறங்கையில் ஒரு பொட்டு வைத்துத் தேய்த்து மணந்து பார்த்தாள். அவன் கையை நீட்டியபடி வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றான். கையை நீட்டினால் பூசிவிட ஆள் இருக்கிறது என்பது எவ்வளவு பெரிய வசதி என்று அவனுக்குத் தெரிந்த மாதிரி இல்லை. அவர்கள் போனபிறகு நான் என் கையில் நானே பூசிப் பார்த்தேன். சுண்ணாம்பு மாதிரிப் பிடித்தது. ஐம்பது என்று போட்டிருந்தது, எடுத்துக்கொண்டு வந்தேன்.

மூன்றாம் நாள் சவுத்எண்ட் கடற்கரைக்குப் புறப்பட்டோம். காலையிலேயே வெயில் கொளுத்தியது. மகள் சமையலறையில் நின்று, போனைக் கண்ணாடியாக வைத்து அந்தக் கிறீமைப் பூசினாள். தேய்க்கத் தேய்க்க முகமும் கழுத்தும் சாம்பல் நிறமாகிக்கொண்டு வந்தன. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"என்ன பிள்ளை, உடம்பெல்லாம் விபூதி பூசிக்கொண்டு எந்தக் கோயிலுக்குக் காவடி எடுக்கப் போறாய்?"

அவள் சிரிக்கவில்லை. குளியலறைக்குப் போய்க் கழுவிக்கொண்டு வந்தாள். "அது பரவாயில்லை அப்பா," என்றாள் ஆங்கிலத்தில்.

"எங்கடை தோலுக்கு இதெல்லாம் தேவையில்லை. வெயில் எங்களுக்குச் சொந்தக்காரன்," என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். போத்தல் மேசையிலேயே கிடந்தது.

அன்று நான் சந்தோஷமாக இருந்தேன். அதை ஏன் மறைக்க வேண்டும்? அவள் என் கால்களை மணலில் புதைத்தாள். உருளைக்கிழங்குச் சிப்ஸைக் கடல்காகங்களிடமிருந்து காப்பாற்ற இருவரும் முதுகோடு முதுகு சேர்த்து உட்கார்ந்து தின்றோம். திரும்பி வரும் ரயிலில் மட்டும் அவள் சீற்றில் சாயாமல் நிமிர்ந்தே இருந்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும், "நோகுது அப்பா," என்றாள். பிடரியும் தோள்களும் தொட முடியாமல் கொதித்தன. கறுத்த தோலுக்குக் கீழே சிவப்பு. இரண்டு இடத்தில் சின்னக் கொப்புளம். எங்கள் தோல் இப்படி எரிந்து நான் பார்த்ததே இல்லை. அப்போதுதான் அந்தக் குரல்செய்தியின் கேட்காத மிச்சம் நினைவுக்கு வந்தது. போனை எடுத்து, விட்ட இடத்திலிருந்து அழுத்தினேன்.

"...முகப்பருவுக்கு டாக்டர் குளிசை குடுத்திருக்கிறார். அதைக் குடிக்கேக்கை வெயில் பட்டால் தோல் எரிஞ்சு போகுமாம். அதாலைதான் சொல்லுறன்..."

அதற்கு மேல் கேட்க நேரமில்லை. கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். ஓடிப்போய் மருந்துக் கடையில் கேட்டு ஒரு குளிர்ச்சியான களிம்பு வாங்கிக்கொண்டு வந்தேன்.

"குளிசை எடுக்கிறன் எண்டு ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"அம்மா உங்களுக்குச் சொல்லிப்போட்டன் எண்டு சொன்னவா," என்றாள்.

நானே பூசுவன் என்று களிம்பை வாங்கிக்கொண்டாள். தோள்வரை போன கை முதுகுக்கு எட்டவில்லை. கொஞ்ச நேரம் முயன்றுவிட்டு, திரும்பி உட்கார்ந்து தலைமயிரைத் தூக்கிப் பிடித்தாள். நான் பூசினேன். நான்கு வருடத்தில் இன்னொரு மனித உடம்பில் என் கை பட்டது அன்றுதான் என்பது அப்போது எனக்கு உறைத்தது.

பூசி முடித்துவிட்டுக் கேட்டேன்: "அம்மாட்டைச் சொல்லுவியோ?"

கேட்டிருக்கக் கூடாது. ஒரு தகப்பன் பிள்ளையிடம் கேட்கிற கேள்வியா அது?

ஞாயிறு பின்னேரம் தாய் காரில் வந்தாள். வாசலிலேயே மகளின் பிடரியைக் கண்டுவிட்டாள். "என்ன இது, தோல் உரியுது? கிறீம் பூசினதோ இல்லையோ?"

மகள்தான் முந்திக்கொண்டாள். "அப்பா பூசச் சொன்னவர். நான்தான் கடலுக்கை இறங்கிப்போட்டுத் திரும்பப் பூசேல்லை." என் பக்கம் அவள் பார்க்கவே இல்லை. நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தாய் பையைத் தூக்கிக் காரில் வைத்தாள். கார் போய்விட்டது.

தொட்டியில் இரண்டு கோப்பைகள் கிடந்தன. கழுவ மனம் வரவில்லை. சோபாவில் உட்கார்ந்து அந்தக் குரல்செய்தியை முதலிலிருந்து கடைசிவரை கேட்டேன்.

"...ஒருக்காப் பூசினால் காணாது, ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்காப் பூசவேணும். முதுகுக்கு அவளுக்குக் கை எட்டாது, நீங்கள் பூசிவிடுங்கோ." பிறகு ஒரு சின்ன இடைவெளி. "நீங்களும் பூசுங்கோ. பஸ் யன்னல் வெயில் பட்டுப் பட்டு உங்கடை வலக்கை வேறை ஆரின்ரையோ கை மாதிரிக் கிடக்கு."

அவ்வளவுதான். மூன்று நிமிடத்தில் கறுப்பு என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. என் வலக்கையைப் பார்த்தேன். எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

அவர்கள் வீடு போய்ச் சேரும் நேரம் பார்த்துத் தாய்க்குப் போன் எடுத்தேன். "பிள்ளை சொன்னது பொய். பூசினவள். நான் பகிடி பண்ணிக் கழுவ வைச்சனான். உங்கடை மெசேஜையும் அரை நிமிசம்தான் கேட்டனான்."

"தெரியும்," என்றாள்.

"எப்பிடி?"

"கார் வெளிக்கிட்டவுடனை அழுது நடந்ததெல்லாம் சொல்லிட்டாள். அடுத்த வருசம் விடாமல் விட்டிடாதேங்கோ, அப்பா தனிய எண்டு."

"அப்ப அடுத்த வருசம்..." என்று இழுத்தேன்.

"அதை அப்ப பாப்பம். முதலிலை ஒருத்தர் கதைக்கேக்கை முடியும்வரைக்கும் கேக்கப் பழகுங்கோ."

"ஓம்," என்றேன். இன்னும் ஏதாவது சொல்வாள் என்று போனைக் காதோடு வைத்தபடியே நெடுநேரம் காத்திருந்தேன். அவள் எப்போதோ வைத்துவிட்டிருந்தாள்.