தபால் அக்காவின் இலைப் பைகள்

எங்கள் ஆய்வகத்தில் அவரைத் தபால் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். முப்பத்திரண்டு வயதில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தவர். அதற்கு முன் ஆறு வருடம் ஓர் அரசு அலுவலகத்தில், வருகிற தபால்களுக்கு எண் போட்டுப் பதிவு செய்யும் வேலை. அங்கே பன்னிரண்டாம் எண் உறை கிடக்கும்போது பதின்மூன்றைப் பிரித்தால் பெரிய குற்றம். அந்தப் பழக்கம் அவரோடு பல்கலைக்கழகத்துக்கும் வந்துவிட்டது.

இங்கே ஒரு நாளைக்கு நாற்பது மின்னஞ்சலாவது வரும். சதுரங்கப் போட்டி, தொலைந்த குடை, ரத்ததான முகாம், துணைவேந்தரின் வாழ்த்து, அந்த வாழ்த்தில் இருந்த பிழைக்குத் திருத்தம். நாங்கள் தலைப்பைப் பார்த்து முக்கால்வாசியை அழித்துவிடுவோம். அக்கா மட்டும் பழையதிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக, கடைசி வரி வரைக்கும் படிப்பார். அதனால் எப்போதும் நான்கைந்து நாள் பின்தங்கியே இருப்பார்.

“முக்கியமானதை மட்டும் பாருங்கக்கா” என்று ஒருமுறை சொன்னேன்.

“பிரிக்காம எது முக்கியம்னு எப்படிம்மா தெரியும்?” என்றார்.

அக்காவின் ஆராய்ச்சி, வளாகத்தில் உள்ள ஆறு மரங்களின் இளந்தளிர்கள் பற்றியது. அந்த மரங்கள் வருடத்துக்கு ஒரே முறைதான் துளிர்க்கும். துளிர் விடும் அந்த இருபத்தொரு நாளும் தவறாமல் விடியற்காலையில் ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பறித்தார். நூற்றிருபத்தாறு சிறிய பைகள். ஒவ்வொன்றிலும் தேதி, மர எண், அக்காவின் குண்டு கையெழுத்து. அவற்றைச் சோதிக்கும் கருவிக்கு இன்னும் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும் என்பதால், கெடாமலிருக்க எங்கள் ஆய்வகத்து உறைபெட்டியில், அதாவது ஃப்ரீசரில், வைத்திருந்தார்.

புதன்கிழமை ஒரு மின்னஞ்சல் வந்தது. தலைப்பு, ‘வளாக அறிவிப்புகள்’. நீச்சல் குளத்தின் புது நேரத்துக்குக் கீழே நான்காவது செய்தி: டிரான்ஸ்பார்மர் மாற்றுவதால் எங்கள் கட்டடத்தில் வெள்ளி மாலை முதல் ஞாயிறு இரவு வரை மின்சாரம் இருக்காது.

நான் அதைப் பார்த்தேன். வெள்ளி மதியம் என் டப்பாக்களைப் பக்கத்துக் கட்டடத்து உறைபெட்டிக்கு மாற்றினேன். எங்கள் பெட்டியின் மேல் தட்டில் அக்காவின் பைகள் இருந்தன. அவர் அன்று நூலகத்தில் இருந்தார். அக்கா படிக்காத மின்னஞ்சலா, வந்து எடுத்துக்கொள்வார் என்று நினைத்தேன். ஒரு போன் செய்திருக்கலாம்.

அக்கா அப்போது திங்கட்கிழமை மின்னஞ்சல்களில் இருந்தார்.

வார இறுதி முடிந்து வந்தபோது உறைபெட்டியின் அடியில் பச்சைத் தண்ணீர் தேங்கியிருந்தது. அக்கா முதல் பையை எடுத்தார். தளிர் கூழாகியிருந்தது. அடுத்ததை எடுத்தார். பைகளையும் வரிசைப்படியே பார்த்தார்.

ஆய்வக உதவியாளர் துடைப்பத்தோடு வந்தார். “மெயில் வந்துச்சேம்மா. ஊருக்கே தெரியும்.”

“வந்திருக்கும்ணே.”

“இத்தனை பேர் எடுத்து வெச்சாங்க. உங்களுக்கு யாரும் சொல்லலையா?”

அக்கா என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை.

எங்கள் ஆராய்ச்சி வழிகாட்டியான மேடத்தின் அறைக்கு நானும் கூடப் போனேன். அவர் கோபப்படவில்லை.

“மறுபடி எப்போ துளிர்க்கும்?”

“அடுத்த வருஷம் மேடம்.”

“முதல் வருஷ அறிக்கை நாலு மாசத்துல கொடுக்கணும். அதுல என்ன எழுதுவீங்க?”

மேடம் பேனாவை மூடித் திறந்தார். “துறைக்கு ஒரு மெயில் போட்டு வைங்க, என்ன சொல்றாங்கன்னு பார்ப்போம்” என்றார். அவருக்கும் வேறு வழி தெரியவில்லை.

மதியம் அக்கா தன் மேசையில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தார். துறைக்குத்தான் எழுதுகிறார் என்று நினைத்தேன். விட்ட இடத்திலிருந்து படித்துக்கொண்டிருந்தார். நான்கு மணிக்குப் புதன்கிழமை மின்னஞ்சல்களை எட்டினார். நீச்சல் குளத்தின் நேரத்தைப் படித்தார். நான்காவது செய்தியை இரண்டு முறை படித்தார்.

“மன்னிச்சுக்கோங்கக்கா, நான் சொல்லியிருக்கணும்” என்றேன்.

“நீ என்னம்மா பண்ணுவ. தெளிவாத்தான் போட்டிருக்காங்க” என்றார். அடுத்ததைத் திறந்தார். யாரோ ஒருவருடைய சாவிக்கொத்து உணவகத்தில் கிடைத்திருந்தது.