வெள்ளை அட்டை இல்லாதவர்கள்

கலியாணசுந்தரத்துக்குப் பெயரில்தான் கல்யாணம். நாற்பத்தேழு வயதாகியும் மலாய் நாட்டில், காஜா பேராங் பகுதியில் ஒரு வாடகை அறை, ஒரு ஸ்டவ், ஒரு தட்டு. வாரக்கணக்கில் பேச ஆள் இருக்காது. அந்த மனிதரைத்தான் 1958இல் ஊர்த் தமிழர் சங்கத்தார் கூப்பிட்டு, குடியுரிமைக்கு மனுப் போடுகிறவர்களின் விவரங்களை ஒழுங்குபடுத்தச் சொன்னார்கள். ஆகஸ்டு முடிவுக்குள் போட்டால் மலாய்மொழிச் சோதனை கிடையாது. சோதனை என்றால் பாதிப் பேர் மனுவே போடமாட்டார்கள்.

ஒரு பெட்டி நிறைய அட்டைகளை எழுதி அடுக்கினார். குடும்பத்துக்கு ஒரு வெள்ளை அட்டை. தலைவர் பெயரும் எண்ணும் அதில். அதன்கீழ் ஆளுக்கொரு மஞ்சள் அட்டை. பிறப்புச் சீட்டு, சாட்சிக் கடிதங்களுக்கு நீலம். கீழ் அட்டையின் மூலையில் மேல் அட்டையின் எண். எந்த நீலத்தை எடுத்தாலும் ஆளுக்குப் போகலாம். ஆளிலிருந்து குடும்பத்துக்கு ஏறி, மற்றப் பிள்ளைகளிடம் இறங்கலாம். சங்கச் செயலாளர் நடராஜன் அசந்துபோனார். கலியாணசுந்தரத்துக்கு வாயெல்லாம் பல். ஒன்றில் மட்டும் படு கறார்: வெள்ளை இல்லாமல் மஞ்சள் எழுதமாட்டார்.

கெடுவுக்கு இரண்டு நாள் இருக்கையில் சிவகாமசுந்தரி மூன்றாம் தடவையாக வந்து நின்றாள். ஜாலான் பெண்டஹாராத் தெருவில் துணிக்கடை ஒன்றில் கூட்டிப் பெருக்குகிறவள்.

"குடும்பத் தலைவர் யாரும்மா?"

"போன தடவையும் இதத்தான் கேட்டீங்க. புருஷன் போயிட்டாரு. பிள்ள இல்ல. நாந்தான்."

"தலைவர் நம்பர் இல்லாம..."

"ஒண்டியா இருக்கிறவங்க இந்த ஊர்ல இருக்கக் கூடாதுங்களா?"

சுருக்கென்றது அவருக்கு. தாமே ஒண்டிக்கட்டை, தம்மைப் போன்றவருக்கு அந்தப் பெட்டியில் இடம் வைக்கவில்லையே. இத்தனை மாதம் என்ன நினைப்பில் இருந்தாரோ! வெள்ளையிலும் மஞ்சளிலும் அவள் பெயரையே எழுதினார். மனு அன்றே போயிற்று.

அப்புறம்தான் மற்றவர்கள் நினைவுக்கு வந்தார்கள். திருப்பி அனுப்பியது இவளை மட்டுமா? தெங்கேராவிலிருந்து வந்த இருமல்காரக் கிழவர், உஜோங் பாசிர் சமையற்காரர், இன்னும் எத்தனையோ பேர். அட்டை எழுதாததால் பெயர் இல்லை, விலாசம் இல்லை. எண்ணூறு பேரை நிமிடத்தில் எடுத்துத் தரும் பெட்டியில் இவர்களைத் தேட வழியே இல்லை.

மறுநாள் காலையில் சைக்கிளை மிதித்தார். தெங்கேராக் கோப்பிக்கடை கபீர் கேட்டார்:

"யாரத் தேடுறீங்க?"

"வயசானவரு. இருமுவாரு. தனியா இருக்காரு."

"பேரு?"

"தெரியாது."

"மகன், மருமகன் யாராச்சும்?"

"யாரும் இல்ல."

"அப்ப யார்கிட்டங்க விசாரிக்கிறது?"

கலியாணசுந்தரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். தாம் காணாமற்போனாலும் இப்படித்தானே என்று நினைத்துக்கொண்டார். சமையற்காரரையும் இன்னும் இரண்டு பேரையும் கெடுவுக்குள் பிடித்து மனுப் போடவைத்துவிட்டார். கிழவர் கிடைக்கவில்லை.

கெடு முடிந்த மறுநாள் கிழவர் தாமாகவே வந்தார். கூடவே முன்பின் பார்த்திராத ஒருவர், கூச்சத்தோடு வாசலில் நின்றார்.

"பக்கத்து ரூம்காரருங்க," என்றார் கிழவர், இருமலை அடக்கிக்கொண்டு. "ஒரு மாசமாக் கெஞ்சினேன். எனக்குத் தலைவரா இருக்கச் சம்மதிச்சிட்டாரு. இப்ப எழுதிக்கலாங்களா?"